அடைபட்ட விழித்திரைச் சிரை: அறுவை சிகிச்சையால் ஆவது என்ன?

விழித்திரையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரை அடைத்துக்கொண்டால், அந்த அடைப்பைக் கத்தியால் நீக்கிப் பார்வையை மீட்க முடியுமா? கண் மருத்துவத்தில் இது பழைய கேள்வி. 1855-இல் லீப்ரைக், விழித்திரை முழுவதும் இரத்தம் சிதறிக் கிடந்த கண்களை விவரித்தார். 1878-இல் யூலியுஸ் ஃபான் மிஷெல், சிரைக்குள் இரத்தம் உறைவதே அதற்குக் காரணம் என்று காட்டினார். நோயின் இடம் அப்போதே ஓரளவு தெரிந்துவிட்டது. அந்த இடத்தை எட்டக் கருவிதான் இல்லை. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கெமர், விட்ரியஸ் என்னும் கண்ணின் உட்கூழை வெட்டி உறிஞ்சி எடுக்கும் விட்ரெக்டமியை உருவாக்கிய பிறகே, விழித்திரையின் மேற்பரப்பில் கருவியை வைத்து வேலை செய்வது இயலும் காரியமாயிற்று.

அதன்பின் பல விடைகள் வந்தன. சிரை நெருக்கப்படும் வாசலைக் கீறித் தளர்த்தலாம் என்றனர் சிலர். சிரையை அழுத்தும் தமனியை அதிலிருந்து பிரித்துவிடலாம் என்றனர் வேறு சிலர். சிரைக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி உறைகட்டியைக் கரைக்கப் பார்த்தது ஒரு தரப்பு. அடைப்பை அப்படியே விட்டுவிட்டு மாற்றுப்பாதை அமைக்க முயன்றது இன்னொரு தரப்பு. இவற்றுள் எதுவும் இன்று முதல்நிலைச் சிகிச்சை இல்லை. ஆனாலும் இவற்றைத் தோல்விப் பட்டியல் என்று ஒதுக்குவது சரியாகாது. சில முறைகள் உண்மையிலேயே பலன் தந்தன. எந்தக் காரணத்துக்காக வகுக்கப்பட்டனவோ அதே காரணத்தால்தான் பலன் தந்தனவா என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அடைப்பு ஓரிடம், சேதம் வேறிடம்

இந்நோய் இரு வகைப்படும். விழித்திரையின் இரத்தம் முழுவதும் சேர்ந்து வெளியேறும் மையச் சிரை அடைபடுவது ஒன்று. அதன் கிளை ஒன்று மட்டும் அடைபடுவது மற்றொன்று. 2015-இல் உலக அளவில் ஏறத்தாழ 2.8 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்ததாக ஒரு மதிப்பீடு சொல்கிறது, அவர்களில் 2.3 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கிளைச் சிரை அடைப்பு. முதுமையும் உயர் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணிகள். மையச் சிரை அடைப்பில், கண்ணழுத்த நோயான கிளாக்கோமாவும் காரணியாகச் சேர்ந்துகொள்கிறது.

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் வாசலின் அகலம் சுமார் 1.5 மிமீ. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள், மையத் தமனி, மையச் சிரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அங்கே துளைகள் நிறைந்த ஒரு திசுத் தகடு உண்டு. சல்லடைத் தகடு என்று அதைச் சொல்லலாம். 1981-இல் கிரீனும் குழுவினரும் மையச் சிரை அடைப்பு நேர்ந்த 29 கண்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். உறைகட்டி அந்தத் தகட்டிலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ இருந்தது. கிளைச் சிரையில் அமைப்பு வேறு. தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றே. அடைபட்ட கண்களில் பெரும்பாலும் தமனி மேலேயும் சிரை கீழேயும் இருக்கும். வயதாலும் இரத்த அழுத்தத்தாலும் தடித்த தமனி சிரையை அழுத்த, அங்கே இரத்தம் சுழன்று உறைகிறது.

இவ்வளவும் அடைப்பைப் பற்றியது. நோயாளி பார்வையை இழப்பதோ அதன் பின்விளைவுகளால். தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் நீர் கசிந்து, கூர்பார்வைக்கு உரிய மாக்குலா வீங்குகிறது. நுண்குழாய்கள் மூடிப்போனால் விழித்திரைக்கு உயிர்வளி குறைகிறது. உயிர்வளி குறைந்த திசு விஇஜிஎஃப் என்ற புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. அது கசிவை மேலும் கூட்டி, நலிந்த புதிய குழாய்களையும் முளைக்கவைக்கிறது. அவை கருவிழித்திரையிலும் நீர் வடியும் கோணத்திலும் படரும்போது வருவதே, நூறு நாள் கிளாக்கோமா என்று மருத்துவர்கள் அஞ்சும் நிலை.

பஞ்சாபில் பிறந்து அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே, இந்நோயை, விழித்திரைக்கு இரத்தக் குறைவுள்ள வகை, இல்லாத வகை என்று பிரித்தே பேச வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். 2011-இல் அவர் குழு வெளியிட்ட இயல்பான நோய்ப்போக்கு பற்றிய கணக்கில், தொடக்கத்தில் பார்வை 6/21 அல்லது அதைவிட மோசமாக இருந்த மையச் சிரை அடைப்புக் கண்களில், இரத்தக் குறைவில்லாத வகையில் 47 சதவீதமும் இரத்தக் குறைவுள்ள வகையில் 23 சதவீதமும், வீக்கம் தானாக வடிந்த பிறகு மேம்பட்டன. சிகிச்சையே இல்லாமல் இவ்வளவு கண்கள் தேறும் நோயில், ஒப்பிட ஒரு குழுவை வைக்காத எந்த அறுவை சிகிச்சை அறிக்கையையும் மிகுந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

லேசர் விட்டுச்சென்ற வெற்றிடம்

அறுவை முயற்சிகள் ஏன் குறிப்பிட்ட ஒரு காலத்தில் குவிந்தன என்பதற்கு லேசர் ஆய்வுகளில் விடை இருக்கிறது. 1984-இல் அமெரிக்காவில் வெளியான கிளைச் சிரை ஆய்வில், மாக்குலாவில் லேசர் செய்தவர்களில் 65 சதவீதம் பேர் மூன்றாண்டுகளில் பார்வை அட்டையில் இரண்டு வரிகளோ அதற்கு மேலோ முன்னேறினர். செய்யாதவர்களில் 37 சதவீதம். மையச் சிரைக்கு இந்த வழி உதவவில்லை. 1995-இல் வந்த மையச் சிரை ஆய்வில் லேசர் வீக்கத்தைக் குறைத்தது, ஆனால் பார்வை மேம்படவில்லை. மருந்தும் இல்லை, லேசரும் பயனில்லை என்ற நிலையில், கையைக் கட்டிக்கொண்டு நோயாளியை அனுப்பிவைக்க மனம் ஒப்பாதவர்கள் கத்தியை நாடினார்கள். அவர்களுடைய துணிச்சலை இந்தப் பின்னணியோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

நரம்பு வாசலில் ஒரு கீறல்

வாசலைத் தளர்த்தும் எண்ணம் புதிதல்ல. 1972-இலேயே வாஸ்கோ-போசாடா, நரம்பைச் சுற்றியுள்ள ஸ்கிளீரா என்னும் வெண்படல வளையத்தைக் கண்ணுக்கு வெளியிலிருந்து வெட்டும் முறையை எழுதியிருந்தார். அது பரவவில்லை. 2001-இல் அமெரிக்க மருத்துவர் ஒப்ரெம்சாக் இதே எண்ணத்தைக் கண்ணுக்குள்ளிருந்து நிறைவேற்றினார். அவர் கருத்துப்படி, மையச் சிரை அடைப்பு என்பது இறுகிய வாசல் ஒன்றுக்குள் எல்லாம் நெரிபடுவதால் வரும் கோளாறு. எனவே விட்ரெக்டமி செய்து, பார்வை நரம்புத் தட்டின் மூக்குப் பக்க விளிம்பில் நுண்கத்தியை ஆரவாக்கில் இறக்கி, அந்த வளையத்தைக் கீறிவிட வேண்டும். மாக்குலாவிலிருந்து வரும் இழைகள் பொட்டுப் பக்கமாக நுழைவதால், மூக்குப் பக்கத்தைத் தேர்ந்தார். முதல் அறிக்கையில் 11 பேர். 8 பேருக்குப் பார்வை கூடியது. 2006-இல் வந்த 117 கண்களின் தொகுப்பிலும் 71 சதவீதம் மேம்பட்டதாக எழுதினார்.

எதிர்ப்பு கடுமையாக வந்தது. ஹேரே முன்வைத்த மறுப்பின் சாரம் இரண்டு. முதலாவது, உறைகட்டி பல கண்களில் தகட்டுக்குப் பின்னால் இருக்கும்போது, முன்வாசலைக் கீறுவது அடைப்பை எட்டாது. இரண்டாவது, கத்தி போகும் வழியில் இருப்பவை உயிருள்ள நரம்பிழைகள், வெட்டியவை மீளா. பின்வந்த அறிக்கைகளில் பார்வைப் புலக் குறைபாடு, இரத்தக்கசிவு, கீறிய இடத்தில் புதிய குழாய்கள், விழித்திரை விலகல் எல்லாம் பதிவாயின.

இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாத ஒரு செய்தி பார்சலோனாவிலிருந்து வந்தது. 2003-இல் கார்சியா-அருமி குழு வெளியிட்ட 14 கண்களின் தொகுப்பில், 6 கண்களில் கீறிய இடத்தில் விழித்திரைச் சிரைக்கும் அடியிலுள்ள கோராய்டு அடுக்குக்கும் இடையே புதிய இணைப்பு தோன்றியது. நன்கு தேறியவையும் பெரும்பாலும் அந்தக் கண்களே. அப்படியானால் பலன் தந்தது வாசல் தளர்ந்ததா, கீறலால் தற்செயலாகத் திறந்த மாற்றுவழியா? ஒப்ரெம்சாக்கின் கோட்பாடு தவறாக இருந்து, அவர் செய்த அறுவை மட்டும் சில கண்களில் வேலை செய்திருக்கக்கூடும்.

குலுக்கல் முறையில் குழு பிரித்து நடத்திய ஒரு சோதனை இதற்கு உண்டு. ஆஸ்திரிய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய அந்தச் சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. 83 பேரின் தரவுப்படி, ஓராண்டில் கீறல் செய்தவர்களில் 47 சதவீதமும், ட்ரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியை ஒரே ஒரு முறை பெற்றவர்களில் 20 சதவீதமும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதமும் மேம்பட்டனர். எண்கள் கீறலுக்குச் சாதகமானவை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவைக் குழுவுக்கு விட்ரெக்டமியும் சேர்ந்தே நடந்தது. விட்ரெக்டமி மட்டும் செய்த ஒரு குழு ஒப்பீட்டில் இல்லை. முடிவு வெளியானபோது உலகம் வேறு மருந்துக்கு மாறியும்விட்டது. பதில் வந்து சேர்ந்த நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைந்துவிட்டனர்.

தமனியைச் சிரையிலிருந்து பிரித்தல்

கிளைச் சிரையில் அழுத்தும் இடம் கண்ணுக்கு நேராகவே தெரியும். 1988-இல் ஆஸ்டர்லோவும் ஸ்டீவ் சார்ல்ஸும், தமனி கடக்கும் இடத்தில் பொது உறையை வெட்டித் தமனியைத் தூக்கிவிட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 1999-இல் ஒப்ரெம்சாக்கும் புரூஸும் 15 பேரில் 10 பேருக்குப் பார்வை கூடியதாக அறிவித்தனர். கோட்பாடு எளிமையானது, உடற்கூற்றுக்கும் பொருந்தியது. கத்தி கொஞ்சம் பிசகினால் தமனியே கிழியும் என்றாலும், தேர்ந்த கைகளுக்கு அது எட்டாத காரியமாகவும் இல்லை.

ஐயம் எழுந்தது ஒப்பீட்டில். உறையை வெட்ட வேண்டுமானால் முதலில் உட்கூழை எடுத்தாக வேண்டும். 2004-இல் ஜப்பானில் யாமமோட்டோ குழு, விட்ரெக்டமியோடு உறையையும் பிரித்தவர்களை, விட்ரெக்டமி மட்டும் செய்தவர்களோடு ஒப்பிட்டது. இரு தரப்பும் மேம்பட்டன. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் பின்வந்த பலரும் அதே திசையில்தான் எழுதினர். உறையைப் பிரித்த பிறகு இரத்த ஓட்டம் சீரானாலும் பார்வை அதே அளவுக்குக் கூடாத கண்களும் பதிவாயின.

உட்கூழை எடுப்பது மட்டும் ஏன் உதவ வேண்டும்? ஐஸ்லாந்தைச் சேர்ந்த ஐனார் ஸ்டெஃபான்சன் தரும் விளக்கம் வலுவானது. கூழ் இருக்கும்வரை உயிர்வளி அதன் வழியே மெதுவாகவே பரவும். கூழுக்குப் பதில் நீர் நிரம்பினால், நன்கு இரத்தம் பாயும் பகுதியிலிருந்து அடைபட்ட பகுதிக்கு உயிர்வளி விரைவாகச் சேரும். விஇஜிஎஃப் புரதமும் ஓரிடத்தில் தங்காமல் வடிந்துவிடும். கிளைச் சிரையை அடைத்த பூனைகளில், விட்ரெக்டமி விழித்திரையின் உயிர்வளிப் பஞ்சத்தைத் தடுத்ததாக 1990-இல் அவர் குழு காட்டியது. மனிதரில் இதன் பலன் எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. விலையும் உண்டு: விட்ரெக்டமிக்குப் பின் நடுவயதைக் கடந்தவர்களின் கண்ணில் கண்புரை விரைந்து முற்றும். அந்தக் கண்ணில் பிறகு போடும் ஊசி மருந்தும் சீக்கிரம் வடிந்துபோகக்கூடும் என்ற கவலையும் மருத்துவர்களிடம் இருக்கிறது.

சிரைக்குள் ஊசி

உறைகட்டியை நேராகத் தாக்குவதே நேர்மையான வழி என்று கருதியவர்களில் முன்னோடி ஜெஃப்ரி வைஸ். 1998-இல் அவர், விழித்திரைச் சிரை ஒன்றைத் துளைத்து டிபிஏ என்னும் உறைவு கரைக்கும் மருந்தை உள்ளே செலுத்தினார். 2001-இல் வைஸும் பைனோவும் வெளியிட்ட 28 கண்களின் தொகுப்பில், பாதிக் கண்கள் மூன்று வரிகளுக்கும் மேல் முன்னேறின. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரில் ஃபெல்ட்கன் குழு 2007-இல் இரத்தக் குறைவுள்ள 13 பேரிடம் இதையே செய்துபார்த்தபோது, பலன் தெரியவில்லை. கடுமையான பின்விளைவுகள் தெரிந்தன. ஒரே முறை, இரு இடங்களில் இரு முகம். நோயாளிகளின் நிலை வேறுபட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வாரங்கள் கடந்து இறுகிப்போன, உள்ளே செல்கள் வளர்ந்துவிட்ட உறைகட்டி மருந்துக்கு எவ்வளவு கரையும் என்பதும் ஐயத்துக்குரியதே.

கைத்திறனின் எல்லையும் குறுக்கே நிற்கிறது. இந்தச் சிரையின் விட்டம் சுமார் 0.1 மிமீ, மனிதக் கையின் இயல்பான நடுக்கமே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். 2013-இல் யோகோகாமாவின் கடோனோசோனோ மிக நுண்ணிய ஊசியால் இதைச் செய்துகாட்டினார். 2017-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் பீட்டர் ஸ்டால்மன்ஸ் குழு, ரோபோவின் துணையோடு 0.03 மிமீ ஊசியைச் சிரைக்குள் நிறுத்தி, பத்து நிமிடம்வரை மருந்து செலுத்தியது. முதற்கட்டத்தில் நான்கு நோயாளிகள். நடுங்காமல் நிற்க முடியும் என்பது நிறுவப்பட்டது. எந்த மருந்தை, நோய் தொடங்கி எத்தனை நாளுக்குள், எந்த வகைக் கண்ணில் செலுத்த வேண்டும் என்பது அதனால் தீரவில்லை. பொறியியல் இங்கே மருந்தியலை முந்திவிட்டது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

மாற்றுப்பாதை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இயன் மெக்காலிஸ்டரும் இயன் கான்ஸ்டபிளும் அடைப்பைத் தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்தனர். 1995-இல் அவர்கள், சக்தி மிகுந்த லேசரால் சிரையின் சுவரையும் அதன் அடியிலுள்ள புரூக் படலத்தையும் துளைத்து, தேங்கிய இரத்தம் கோராய்டு வழியே வடியப் பாதை திறந்தனர். 24 பேரில் 8 பேருக்குப் பாதை அமைந்தது. கருவி மேம்பட்ட பிறகு, இரத்தக் குறைவில்லாத மையச் சிரை அடைப்பு உள்ள 113 பேரிடம் குலுக்கல் முறையில் நடத்திய ஆய்வு 2010-இல் வந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதம் பேருக்குப் பாதை அமைந்தது. 18 மாதங்களில் ஒப்பீட்டுக் குழுவைவிட அவர்கள் சராசரியாக 8 எழுத்துகள் கூடுதலாகப் படித்தனர். ஆனால் துளைத்த இடத்தில் 18 சதவீதம் பேருக்குப் புதிய குழாய்கள் முளைத்தன. 9 சதவீதம் பேருக்கு விட்ரெக்டமி தேவைப்பட்டது.

இரத்தக் குறைவுள்ள கண்ணில் இதைச் செய்வது ஆபத்தாகலாம். புதிய குழாய்களை முளைக்கவைக்கும் சூழல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆக, உதவி மிகத் தேவைப்படும் கண்களுக்கு இந்த வழி மூடியே கிடந்தது.

ஊசி மருந்து மாற்றிய கேள்வி

2010-இல் வெளியான குரூஸ் ஆய்வில், மையச் சிரை அடைப்பில் விஇஜிஎஃப் புரதத்தைத் தடுக்கும் ரானிபிசுமாப் ஊசியை மாதந்தோறும் பெற்றவர்கள் ஆறு மாதத்தில் ஏறத்தாழ 15 எழுத்துகள் முன்னேறினர். போலி ஊசிக் குழுவில் ஓர் எழுத்துகூட முழுதாகக் கூடவில்லை. கிளைச் சிரைக்கான பிராவோ ஆய்வில் ஊசி பெற்றவர்களுக்கு 18 எழுத்துகளும் போலி ஊசிக் குழுவுக்கு 7 எழுத்துகளும் கூடின. பின்பு அதே வகை மருந்தான அஃப்லிபெர்செப்ட் வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு வில்லை அதற்கு முன்பே வந்திருந்தது. அதே வகையில் விலை குறைந்த பெவாசிசுமாப், மையச் சிரையில் அஃப்லிபெர்செப்டுக்குக் குறைந்ததல்ல என்று 2017-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது; ரானிபிசுமாபோடு ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் ஆய்வால் அதை உறுதிசெய்ய முடியவில்லை.

இந்த மருந்துகள் அடைப்பைத் தொடுவதே இல்லை. சிரை அடைபட்டே இருக்க, பின்விளைவை மட்டும் அடக்கி இவ்வளவு பார்வை மீண்டது. அடைப்பைத் திறப்பதே முதன்மை என்ற நம்பிக்கையை இதைவிட வலுவாக அசைத்தது வேறில்லை.

ஆனால் ஊசிக்கு முடிவு எங்கே? ரானிபிசுமாப் தொடங்கிய நோயாளிகளைச் சராசரியாக நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், கிளைச் சிரை அடைப்பில் 50 சதவீதமும் மையச் சிரை அடைப்பில் 44 சதவீதமும் மட்டுமே வீக்கம் முழுதாகத் தீர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு மருத்துவமனை நடை தொடர்ந்தது. முதியவர், துணைக்கு ஒருவர், பேருந்து, ஒரு நாள் கூலி இழப்பு என்று கணக்கிட்டால், சோதனைகளில் மாதம் தவறாமல் கிடைத்த பலன் ஊர்ப்புறத்து நோயாளிக்கு அப்படியே கிடைக்கும் என்று கொள்ள முடியாது.

அறுவை சிகிச்சையின் கேள்வி இங்கேதான் புதிய வடிவம் பெறுகிறது: ஓட்டத்தை மீட்க முடியுமா என்பதோடு, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மெக்காலிஸ்டர் குழு 2018-இல் வெளியிட்ட, 58 பேரைக் கொண்ட ஆய்வில், லேசர் மாற்றுப்பாதையும் ரானிபிசுமாபும் சேர்ந்து பெற்றவர்களுக்கு, ஊசி மட்டும் பெற்றவர்களைவிட இரண்டாண்டில் கணிசமாகக் குறைந்த ஊசிகளே தேவைப்பட்டன. அறுவை முறைகளில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான். ஆனால் ஒரே மையத்தின் அனுபவத்தை வேறு ஊர்களில் வேறு கைகள் உறுதிப்படுத்த வேண்டும்.

இன்றைக்கு ஐயமின்றிக் கத்தி வேண்டிய இடங்கள்

அடைப்பைத் தாண்டி, அதன் பிற்கால விளைவுகளுக்கு அறுவையின் தேவை பற்றி விவாதம் குறைவு. உட்கூழில் இரத்தம் கலந்து வடியாமல் நின்றால், அல்லது நார்த்திசு விழித்திரையை இழுத்துப் பிரித்தால், விட்ரெக்டமிதான் வழி. கருவிழித்திரையில் குழாய்கள் படர்ந்து கண்ணழுத்தம் ஏறினால், ஊசியும் விழித்திரை முழுவதற்குமான லேசரும் முதலில். அவற்றுக்கும் அடங்காதபோது கண்ணீர்மத்தை வெளியேற்றும் குழாய்க் கருவி பொருத்துகிறார்கள். மதுரையின் அரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குறைந்த விலைக் கருவி, வெளிநாட்டுக் கருவியின் விலையை எட்ட முடியாத நோயாளிகளுக்கு இந்த வழியைத் திறந்திருக்கிறது. இந்தக் கட்டத்தில் கண்ணைக் காப்பதும் வலியைப் போக்குவதுமே பெரும்பாலும் குறிக்கோள். பார்வை அதற்கு முன்பே போயிருக்கும்.

தீராதவை

மூன்று கேள்விகளுக்கு இன்றைய சான்றுகளைக் கொண்டு விடை சொல்ல இயலாது. முதலாவது, ஊசி மருந்துக்குப் போதிய பதில் தராத, வீக்கம் திரும்பத் திரும்ப வரும் கண்களில் விட்ரெக்டமி எவ்வளவு உதவும்? மாக்குலாவின் மேல்படலத்தை உரிப்பதும் சேர்ந்தால் வேறுபாடு உண்டா? சிறு தொகுப்புகள் ஆம் என்கின்றன; போதிய அளவுள்ள ஒப்பீடு தேவை. இரண்டாவது, காலம். சிரைக்குள் மருந்து செலுத்திய ஆய்வுகள் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கடந்த கண்களில் நடந்தவை. உறைகட்டி இளகியிருக்கும் முதல் சில நாட்களில் ரோபோ உதவியோடு எட்டினால் முடிவு மாறுமா என்பதை யாரும் முறையாகச் சோதித்திருப்பதாகச் சொல்ல முடியாது. நோயாளி அத்தனை விரைவில் வந்து சேர்வதே அரிது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது: நுண்குழாய்கள் பெருமளவு மூடிப்போன கண். பெரிய மருந்துச் சோதனைகள் பல இத்தகைய கண்களைக் குறைவாகவே சேர்த்தன. மாற்றுப்பாதை ஆய்வு அவற்றை விலக்கியே வைத்தது. சிரைக்குள் மருந்து செலுத்திய ஃபிரைபுர்க் முயற்சி அவற்றில் தோற்றது. ஊசி அங்கே புதிய குழாய்களைத் தள்ளிப்போடுகிறது, ஆனால் ஊசி நின்ற பிறகு அவை வருவதுண்டு. விட்ரெக்டமியையும் முழு லேசரையும் முன்கூட்டியே செய்தால் இந்தக் கண்களில் கிளாக்கோமாவைத் தடுக்கலாமா என்பதைச் சோதிக்கப் புதிய கருவி தேவையில்லை. போதிய நோயாளிகளைச் சேர்க்கும் பெரிய மருத்துவமனைகள் சில ஒன்றுசேர்ந்து, விட்ரெக்டமி மட்டும் செய்யும் குழு ஒன்றையும் மறக்காமல் வைத்து, குறைந்தது இரண்டாண்டு பின்தொடர வேண்டும்.